ஒருவகைக் கொடி

குறிஞ்சிப்பாட்டைப் படிப்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தலைவியும் தோழியும் நீராடி மலர் கொய்யும் இடத்திலே கபிலர் 99 பூக்களை நிரல்பட வைத்திருக்கிறார். காந்தளிலே தொடங்கும் அந்த நிரலை நல்ல மாணாக்கர் மூச்சு விடாமல் ஒப்புவிப்பர். ஒப்புவித்து முடிந்ததும் வகுப்பிலே ஒரு பெருமிதம் உண்டாகும். ஆசிரியருக்கும் அதிலே பங்கு உண்டு. ஆனால், அந்த 99இலே ஒன்றைத் தொட்டு, ‘இஃது எப்படி இருக்கும்?’ என்று எவரேனும் கேட்டுவிட்டால், பெருமிதம் போன இடம் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பிலே ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அவள் கேட்டது அடும்பைப் பற்றி.

"ஐயா, அடும்பு எண்டால் என்ன?"

விடை என் நாவிலே ஆயத்தமாக இருந்தது. பல ஆண்டுப் பழக்கம். "அது ஒருவகைக் கொடி, பிள்ளை. நெய்தல் நிலத்துக்கு உரியது" என்றேன். அடுத்த பூவுக்குப் போகப் புத்தகத்தைப் பார்த்தேன். அவள் இருக்கவில்லை.

"எங்கட மயிலிட்டிக் கடற்கரையிலை அடம்பன் கொடி படர்ந்து கிடக்குது. அதுதானோ, ஐயா?"

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியை யாழ்ப்பாணத்திலே அறியாதார் இல்லை. சங்கக் கூட்டங்களிலும் பரிசளிப்பு விழாக்களிலும் நானே அதைப் பன்முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வகுப்பிலே அடும்பு. மேடையிலே அடம்பன். கடற்கரைக்குப் போனால் காலிலே தட்டுப்படும் ஏதோ ஒரு கொடி. மூன்றும் ஒன்றே என்பதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வந்து பண்டிதருக்குச் சொல்லவேண்டியிருந்தது. "அதுதான், பிள்ளை" என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாட் காலையில் அவள் கொப்பித்தாள் ஒன்றிலே அந்தக் கொடியை வரைந்து கொண்டுவந்தாள். மணலிலே நீண்டு ஓடும் தண்டு. கணுவுக்குக் கணு வேர். புனல் போன்ற ஊதாப் பூ. நுனியிலே ஆழப் பிளந்த இலை. கீழே நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, ‘காலையில் விரிந்திருந்தது, பின்னேரம் பார்த்தபோது சுருங்கிவிட்டது’ என்றும் எழுதியிருந்தாள்.

அந்த இலையைப் பார்த்ததும் எனக்குக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாட்டிலே புலவர் அடும்பின் இலையை மானின் அடிக்கும், பூவைக் குதிரையின் மாலையிற் கட்டிய மணிக்கும் ஒப்பிட்டிருக்கிறார். அந்த உவமைகளுக்கு நான் பலமுறை உரை சொல்லியிருக்கிறேன். மாணாக்கரும் எழுதியிருக்கிறார்கள், புள்ளியும் பெற்றிருக்கிறார்கள். மான் குளம்பின் பிளவை இலையிலே நான் கண்டது அன்றுதான். ஐரோப்பியத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் அதே கொடிக்கு இட்ட இலத்தீன் பெயர் ஆட்டின் பாதம் என்று பொருள்படுவது. அவர் ஆட்டைக் கண்டார். நம் புலவர் மானைக் கண்டார். இருவரும் இலையைக் கண்டிருக்கிறார்கள். காணாதவன் நான் ஒருவனே.

‘ஒருவகை’ என்னும் சொல்லைப் பற்றி அன்று தொடங்கிய சிந்தனை இன்னும் ஓயவில்லை. பழைய அகராதிகளைப் புரட்டுங்கள். ‘ஒரு மரம்’, ‘ஒரு பூடு’, ‘ஒரு புள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். அகராதி செய்தாரைக் குறை கூறுதல் தகாது. அவர்கள் காலத்திலே படிக்கிறவனின் வளவிலேயே அந்த மரம் நின்றது. சொல்லைக் காட்டினாற் போதும். பொருள் படலைக்கு வெளியே காத்திருந்தது. இடையிலே செடி போய்விடவில்லை. அதைப் பார்க்கும் கண் போய்விட்டது. கண் போன பிறகு ‘ஒருவகை’ என்பது விளக்கமாக நில்லாது, அறியாமைக்கு இட்ட மரியாதையான பெயராகிவிடுகிறது.

அந்த மாணவியின் தாளைப் பார்த்து நானும் ஒரு சித்திரக் கொப்பி வாங்கினேன். வகுப்பாரையும் வாங்கச் சொன்னேன். விதிகள் சில வகுத்துக்கொண்டோம். ஒரு பக்கத்திலே ஒரு பொருளே இடம்பெற வேண்டும். அது தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியிலே நாளும் காணக்கூடியதாக இருக்க வேண்டும். நாள், நேரம், இடம், அன்று வீசிய காற்று ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். படம் கீறிய பின்னரே எழுத வேண்டும். ஊரிலே வழங்கும் பெயரையும் அதைச் சொன்னவர் யார் என்பதையும் எழுத வேண்டும். இலக்கியத்திலே அதற்கு வேறு பெயர் இருந்தால் அதற்கும் ஓர் இடம் விட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். ‘ஒருவகை’ என்று மட்டும் எழுதக் கூடாது.

"எனக்குப் படம் வராது, ஐயா" என்று பலர் தயங்கினர். எனக்கும் வராது. நான் முதலிற் கீறிய பூவரசம்பூவைப் பார்த்து வகுப்பு முழுதும் சிரித்தது. கவிழ்த்து வைத்த குடை என்றான் ஒருவன். ஆயினும் அந்தக் குடையைக் கீற நான் மதிலோரம் அரை மணி நேரம் நின்றேன். இதழ் எத்தனை? ஒன்றன்மேல் ஒன்று எப்பக்கமாக ஏறிக் கிடக்கிறது? உள்ளே அடியிலே தெரியும் கருஞ்சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது? பென்சில் இவ்வாறெல்லாம் கேட்கிறது; கேள்விக்கு விடை இன்றி அது ஓர் அங்குலமும் நகராது. காலையில் மஞ்சளாகக் கீறிய பூவை மறுநாள் தேடினேன். அது செம்மை பாய்ந்து சுருங்கிக் கிடந்தது. ஒரே மரத்திலே இரண்டு நிறப் பூக்கள் உண்டு என்று சிறு வயது முதல் எண்ணியிருந்தேன். ஒரே பூவின் காலையும் மாலையும் அவை என்பதைத் தெரிந்துகொள்ள ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

‘கைத்தொலைபேசியிலே படம் எடுத்தால் ஆகாதா?’ என்று இக்காலத்தார் கேட்பர். எடுக்கலாம். பறந்துவிடும் பறவைக்கும் ஒளிந்துவிடும் பூச்சிக்கும் அது பெரிய துணை. ஆனால் கருவி ஒரு நொடியிலே பார்த்துவிடுகிறது. அதனால் நாம் பாராமலே வந்துவிடுகிறோம். கீறுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. கோணலாகக் கீறினாலும் அவன் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தப் பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் நோன்பாகக் கைக்கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். பட்டப்படிப்பிலே தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையிலே வாதாடிய மாதவையா, பேசி முடித்ததும் அங்கேயே உயிர் நீத்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. சென்னை மாநிலக் கல்லூரியிலே அவர் தாவரவியல் பயின்றபோது, தென்னிந்திய மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் செய்த பைசன் என்பார் பேராசிரியராக வாய்த்தார். பைசனின் மனைவியார் செடிகளை வரைவதில் வல்லவர். அவ்விருவரோடும் மலைகளிலே அலைந்த பயிற்சி, கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும் வித்தையை அம்மாணவருக்குத் தந்தது.

1942 முதல் 1949 வரை பல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்திலே ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பிறவாகவும் பணி பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின் வேறு உத்தியோகம் தேடவில்லை. எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழிலே 1950ஆம் ஆண்டில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்னும் பத்தியைத் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு என்பது அதன் பொருள். 1996 பெப்ரவரியிலே இயற்கை எய்தும்வரை, 46 ஆண்டுகள், அந்தப் பத்தி நிற்கவில்லை. படங்களையும் தாமே கீறினார். யானையையும் காட்டெருதையும் பற்றி அவரைப் போல எழுதினார் சிலரே. இருந்தும் அவர் பத்தியிலே காகமும் அணிலும் ஓணானும் தேரையும் யானைக்கு நிகரான ஆசனத்திலே வீற்றிருந்தன. தம் வீட்டு முற்றத்தை அவர் காட்டுக்குக் குறைந்ததாக எண்ணவில்லை. தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரிலே தொகுத்திருக்கிறார். தந்தை மொழிக்காகப் போராடினார். மகன் அந்த மொழியிலுள்ள பெயர்களுக்கு உரிய உயிர்களைக் கண்டு சொன்னார். இரண்டும் ஒரே தொண்டின் இரு பகுதிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிருஷ்ணனுக்கும் முன்னே இவ்வழியிலே நடந்தவர் உண்டு. இங்கிலாந்திலே செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேர்ட் வைட் என்னும் பாதிரியார் தம் ஊரிலே நாளும் கண்டவற்றை ஆண்டுக்கணக்காக எழுதி வைத்தார். அவருடைய நூல் 1789ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோற்றத்திலே ஒன்றுபோலத் தெரிந்ததால் ஊரார் ஒரே பறவையென எண்ணியிருந்த சிறு குருவிகளை, அவற்றின் குரலைக் கேட்டுக் கேட்டு, மூன்று வெவ்வேறு இனங்கள் என்று அவர் பிரித்துக் காட்டினார். ‘ஒருவகைக் குருவி’ என்று அவர் விட்டிருந்தால் மூன்றும் ஒன்றாகவே கிடந்திருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த டிரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1893ஆம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. பேராதனையிலே தலைமுறையாகச் செடிகளை வரைந்துவந்த டி அல்விஸ் குடும்பத்தாரின் படங்கள் அதற்கு அணி செய்தன. தேயிலைத் தோட்டம் ஒன்றிலே 1891ஆம் ஆண்டில் பிறந்து, கொழும்பு நூதனசாலையிலே பணிபுரிந்த ஜீ. எம். ஹென்றி, இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி நூலை 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். படங்களும் அவர் கீறியவையே. இந்த இரு நூல்களிலும் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. என் ஒழுங்கையிலே நிற்கும் செடியின் தமிழ்ப் பெயரை அறிய நான் ஆங்கில நூலைப் புரட்டிய நாட்கள் உண்டு. அந்தப் பெயர்களை அவ்வாசிரியர்களுக்குச் சொன்னவர்கள் யாவர்? வண்டிக்காரராக இருக்கலாம், தோட்டக்காரராக இருக்கலாம், விறகு பொறுக்கும் பெண்டிராக இருக்கலாம். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. பண்டிதர்கள் நிகண்டை மனனம் செய்துகொண்டிருந்த காலத்திலே, பெயரறியா அந்த மக்களே தமிழைக் காட்டிலிருந்து ஏட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். சொன்னவர் யார் என்பதையும் எழுதவேண்டும் என்று எங்கள் கொப்பிக்கு விதி வகுத்ததன் காரணம் இதுதான்.

கொப்பிகள் மெல்ல மெல்ல நிறைந்தன. அவற்றிலே கண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன்.

கரிக்குருவியை அறியாதார் இல்லை. உடல் முழுதும் கருமை. வால் நுனியிலே இரண்டாகப் பிரிந்திருக்கும். மின்கம்பியிலோ மேயும் மாட்டின் முதுகிலோ இருந்து பூச்சி பிடிக்கும். இலங்கையிலே இந்த இனம் எங்கும் பரந்து வாழ்வதன்று. வடக்கின் வறண்ட கரையோரங்களே அதற்குரிய வீடு. ஒரு மாணவன் தன் கொப்பியிலே ஒரு பெரிய காகத்தையும், அதன் முதுகுக்குமேலே பாயும் ஒரு சிறு குருவியையும் கீறியிருந்தான். ‘கரிக்குருவி காகத்தைப் புளியமரத்திலிருந்து வயல்வெளிவரை துரத்தியது’ என்பது குறிப்பு. அளவு பிழைத்துவிட்டதோ என்று முதலிலே நினைத்தேன். பின்னர் நானும் பார்த்தேன். கூட்டின் பக்கம் வந்தால் காகமாயினும் பருந்தாயினும் அதற்கு அச்சம் இல்லை.

அப்போது எனக்குத் திருவிளையாடற் புராணம் நினைவுக்கு வந்தது. கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலத்தை நாம் படிப்பித்திருக்கிறோம். மற்றப் பறவைகளாலே துன்புற்று நொந்த கரிக்குருவிக்குச் சொக்கநாதர் மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்தார். எளியதாய் இருந்தது வலியதாயிற்று. ‘வலியான்’ என்னும் பெயரும் பெற்றது. கதையைச் சொல்லி, இறைவன் கருணைக்கு எல்லை இல்லை என்று முடித்துவிடுவேன். அக்கதையைக் கட்டியவர்கள் புளியமரத்தடியிலே நின்று பார்த்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை சிறிய உடம்புக்கு இத்தனை பெரிய துணிவு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வியந்திருக்க வேண்டும். அந்த வியப்பே பக்தியாய்க் கனிந்து படலமாயிற்று போலும். இப்போதெல்லாம் அப்படலத்தைத் தொடங்கும் முன் வகுப்பை வெளியே அழைத்துச் செல்லுகிறேன்.

வகுப்பறையின் பின்புறத்திலே ஒரு தேசி மரம் நிற்கிறது. அதன் இளந்தளிரிலே ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுச் சென்றதை ஒரு பிள்ளை கண்டாள். அதன்பின் நாள்தோறும் ஒரு படம். முதலிலே வெளிவந்த புழுவைப் பார்த்தால் பறவையின் எச்சம் என்றே தோன்றும்; கருமையும் வெண்மையுமாகக் கிடக்கும். தின்ன வரும் பறவையை ஏய்க்கும் கோலம் அது. வளர்ந்தபின் இலையின் பச்சையை உடுத்திக்கொள்ளும். பின்னர் ஒரு கொப்பிலே நூலாலே தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாய் உறங்கும். ஒரு காலை அந்தக் கூடு வெறுமையாக இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதக் கதை. கறிவேப்பிலையிலும் இதே கதை நடக்கிறது. நாம் புழுவென்று நசுக்கிவிடுவதால் கதை பாதியிலே நின்றுவிடுகிறது.

ஐப்பசி மழை தொடங்கும் நாட்களிலே ஆறுமணிக்குருவி வரும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் பூண்ட சிறிய பறவை. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, சித்திரை அளவிலே திரும்பிப் போகிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவிலே கூவுவதால் அந்தப் பெயர். பெயர் இட்டவன் மணிக்கூட்டையும் பறவையையும் ஒன்றாகக் கவனித்திருக்கிறான். அதன் முதற் குரலைக் கேட்ட நாளை ஆண்டுதோறும் குறித்து வைக்கிறோம். ஓர் ஆண்டுக் குறிப்பு வெறும் செய்தி. பத்தாண்டுக் குறிப்பு ஓர் ஊரின் வரலாறு. மழை பிந்துகிறதா, பறவை பிந்துகிறதா, மாம்பூ முந்துகிறதா என்பதை அறியப் பிற்காலத்தார் இப்படிப்பட்ட கொப்பிகளைத் தேடி வருவர்.

இனி, நான் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அடம்பனைக் காட்டித் தந்த அந்த மாணவி மயிலிட்டியைத் தன் ஊர் என்று சொன்னாள். ஆனால் அவள் அங்கே பிறக்கவில்லை. 1990ஆம் ஆண்டிலே அந்த ஊர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிப்போயிற்று. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் மக்களிடம் மீண்டது 2017 யூலையிலே. 27 ஆண்டுகள். அவளுடைய அம்மம்மா தம் வளவைத் தேடிப் போனபோது வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையும் பற்றைக்குள் மறைந்திருந்தது. கிணற்றுக்கட்டையும் அதன் பக்கத்திலே நின்ற ஒரு பூவரசையும் கொண்டே ‘இதுதான்’ என்று அந்த அம்மையார் கண்டுபிடித்தாராம். வேலிக்கு நட்ட கதியால் பெருமரமாகி நின்றது.

அந்தப் பிள்ளையின் கொப்பியிலே எதிரெதிராக இரண்டு பக்கங்கள் உண்டு. வலப்பக்கத்திலே இருப்பது அவள் கண்ட வளவு. இடிந்த சுவரிலே வேர் ஓடிய ஆலங்கன்று, எருக்கலை, நாயுருவி, கிணற்றடிப் பூவரசு. இடப்பக்கத்திலே இருப்பது அவள் காணாத வளவு. அம்மம்மா சொல்லச் சொல்லக் கீறியது. வேலிக்கரையிலே முருங்கை, படலையடியிலே செவ்வரத்தை, கிணற்றடியிலே வாழையும் கறிவேப்பிலையும், கோடியிலே தேசி, பின்னாலே இரண்டு பனை. ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். பெயரைச் சொன்னவர் என்னும் இடத்திலே எல்லாவற்றுக்கும் ஒரே விடை: ‘அம்மம்மா’. நாள் என்னும் இடத்திலே ‘1990’ என்று மட்டும் எழுதியிருந்தாள். கண்டதையே கீறவேண்டும் என்பது நான் வகுத்த விதி. அந்தப் பக்கம் விதிக்குப் புறம்பானது. நான் அதற்குப் புள்ளி இடவில்லை, திருத்தவும் இல்லை. கொப்பியை மூடி அவளுடைய கையிலே கொடுத்தேன்.

அந்த அம்மையாருக்கு அந்தப் பெயர்கள் தெரியாமற் போயிருந்தால், அல்லது ‘ஏதோ மரங்கள் நின்றன’ என்று அவர் சொல்லியிருந்தால், அந்த இடப்பக்கம் வெறுமையாகவே இருந்திருக்கும். ஒரு வளவை முற்றாக இழந்தவருக்கு அதை மீட்டுத் தந்தவை பெயர்களே. உறுதிப் பத்திரம் நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும். வளவு எப்படி இருந்தது என்பதைச் செடிகளின் பெயரல்லவா சொல்லுகிறது!

போர் ஓய்ந்துவிட்டது. ஆயினும் பெயர்கள் வேறு வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் ஒழுங்கைகளின் இருபுறமும் இருந்தவை உயிர்வேலிகள். கிளுவையும் பூவரசும் கதியாலாக நிற்க, முசுட்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் அவற்றிலே படர்ந்தன. ஒரு வேலி ஒரு மருந்துப்பெட்டி. புலுனிக் கூட்டத்துக்கு அதுவே ஊர். இன்றைக்கு வேலி நின்ற இடங்களிலே சீமெந்து மதில் எழுகிறது. மதில் கட்டுவோரை நோவதில் பயன் இல்லை. காவலும் வசதியும் எல்லாருக்கும் வேண்டும். ஆனால் வேலி போகும் வேகத்திலே பெயரும் போகிறது. முசுட்டை வறை உண்ணாத பிள்ளைக்கு முசுட்டை ‘ஒருவகை இலை’. இன்னும் ஒரு தலைமுறை போனால் அந்தச் சொல் அகராதியிலே இருக்கும். பக்கத்திலே ‘ஒரு பூடு’ என்று எழுதியிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டியதில்லை, செலவும் இல்லை. கிழமைக்கு ஒரு பாடவேளை, ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். புள்ளி இடாதீர்கள். புள்ளி வந்தால் பிள்ளைகள் புத்தகத்திலிருந்து மயிலைப் பார்த்துக் கீறிக்கொண்டு வருவார்கள். முற்றத்துக் காகம் மறுபடியும் வெளியே போய்விடும். செடியைப் பிடுங்கிக்கொண்டு வரவும் விடாதீர்கள். செடியிடம் பிள்ளை போகட்டும். வீட்டிலே பாட்டன் பாட்டி இருந்தால் பெயரை அவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தம் பேரப்பிள்ளை ஒரு கேள்வியோடு பக்கத்திலே வந்து இருப்பதைப் பெற முதியோர் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும். மாணாக்கர்களே, அழகாகக் கீற வேண்டும் என்று அஞ்சாதீர்கள். கோணலான இலை பிழையன்று. பாராத இலையே பிழை.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களிலே எத்தனை நம் குடாநாட்டிலே உண்டு என்று தேடத் தொடங்கியிருக்கிறோம். முதலிலே நிற்கும் காந்தள் நம் வேலிகளிலே மாரிக்குப் பூக்கும் கார்த்திகைப்பூவே. கருவிளை, நீலப் பூப்பூக்கும் காக்கணங்கொடி. ஆவிரையும் தும்பையும் வழியோரத்திலேயே இருக்கின்றன. மலைநாட்டுப் பூக்கள் பல இங்கே கிடையா. அவற்றின் இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். பட்டியல் முடிய நாளாகும். நாளானால் ஆகட்டும்.

என்னிடம் உள்ள பத்துப்பாட்டுப் பிரதி நான் பண்டித வகுப்பிலே படித்த காலத்தது. அடும்பு வரும் அடியின் ஓரத்திலே அந்நாளிற் பென்சிலால் ‘ஒருவகைக் கொடி’ என்று எழுதி வைத்திருந்தேன். அண்மையிலே அதை அழித்தேன். பழைய தாள், அழுத்தி அழிக்க இயலவில்லை, எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதன் மேலே இவ்வாறு எழுதினேன்: ‘அடம்பன். மயிலிட்டிக் கடற்கரை. காலையில் விரியும். சொன்னவர்: என் மாணவி.’